தரையில படுக்க மாட்டீங்கன்னா புக் பண்றதுக்கு முன்னாடியே சொல்லித் தொலைங்கய்யா

ஒசாகாவுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. சகுரா, அதான் செர்ரிப் பூ சீசன் வந்தாலே எனக்கு வயித்தக் கலக்கும், பூவால இல்ல, ஊர்லருந்து வர்ற கூட்டத்தால. எல்லாரும் ஒரே டயலாக்தான், "மச்சான், சும்மா ஹோட்டல்லாம் வேணாம்டா, அந்த பேப்பர் கதவு, யுகாட்டாங்கற பருத்தி அங்கி, பழைய ஜப்பான் ஃபீல் வர்ற மாதிரி ஒரு எடம் போடு." சரின்னு தேடித்தேடி போடுவேன். ரூம் கதவத் தள்ளித் தெறந்ததும் மொதல் கேள்வி, "கட்டில் எங்கடா?"

கட்டில் கெடையாதுடா! அதானடா பழைய ஜப்பான்!

இந்த ஏப்ரல்ல காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தன், அவன் வைஃப், அப்பா, அம்மா நாலு பேர் வந்தாங்க. அங்கிள் சுத்த சைவம். ரியோகான்னு சொல்ற சாதாரண பழைய பாணி விடுதில சைவம்னு சொன்னாலும் சூப்புல மீன் போட்டுக் காய்ச்சின தண்ணி இருக்கும், அதனால யோசிச்சு யோசிச்சு கோயாசான்ல ஒரு கோயில் விடுதி போட்டேன். 816ல கூகாய்ங்கற துறவி ஆரம்பிச்ச மலை அது, 117 கோயில் இருக்கு, அதுல 50 கோயில் போல தங்கறதுக்கு ரூம் குடுக்கறாங்க. சாப்பாடு துறவிங்க சாப்புடற சைவம், வெங்காயம் பூண்டு கூட கெடையாது. அங்கிளுக்கு இதவிட என்ன வேணும்? மூணு மாசம் முன்னாடியே தரையில மெத்தை விரிச்ச போட்டோவோட வாட்ஸ்அப் பண்ணினேன். பயபுள்ள ஹார்ட் எல்லாம் போட்டான்.

ஒசாகா நம்பா ஸ்டேஷன்லருந்து ரயில், மலையடிவாரத்துல கேபிள் கார், அப்புறம் பஸ்ஸுன்னு போய்ச் சேந்தாச்சு. டோஃபுவும் காயும் சாப்ட்டு வந்து பாத்தா ஒரு சின்னப் பையன், இருபது வயசு துறவி, நாலு பேருக்கும் ஃபுட்டான், அதான் தரை மெத்தை, விரிச்சு, போர்வைய மடிப்பு கலையாம வச்சுட்டுப் போயிருக்கான். நம்ம வீட்டுப் புள்ளைங்க தான் படுத்த போர்வையக்கூட மடிக்காது. அங்கிள் வாசல்லயே நின்னுட்டாரு. "ஏம்ப்பா, எங்க வீட்டு வேலைக்காரம்மாதான் தரையில படுக்கும். ஆளுக்கு 15,000 யென் குடுத்துட்டு நாங்களும் தரையிலயா?" பின்னாடியே நம்மாளு, "டேய், கட்டில் கெடைக்குமான்னு அந்தப் பையன்ட்ட கேளுடா."

மணி ராத்திரி எட்டரை. மலை உச்சி. கோயில்.

இதுல கொடுமை என்னன்னா கேக்க வேண்டியது நான். வேலைக்காரம்மா மேட்டர நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஜப்பானீஸ்ல சொல்றது? ஏன்னா விரிச்சவனே தரையிலதான் படுக்கறான். "அவருக்கு இடுப்பு வலி"ன்னு பொய் சொன்னேன். அந்தப் பையன் பதறிப்போய், நாலு தடவ குனிஞ்சு ஸாரி சொல்லி, அலமாரியத் தெறந்து இன்னும் ரெண்டு மெத்தையத் தூக்கிட்டு வந்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினான். அங்கிள் அதத் தொட்டுப் பாத்துட்டு "ம்ம், பரவால்ல" அப்படின்னாரு. எனக்கு அந்த மெத்தைக்கு அடியிலயே போய்ப் பூந்துக்கலாம் போல இருந்துச்சு.

நெசமாவே முடியாதவங்க இருக்காங்க, அத நான் இல்லன்னு சொல்லல. ஆன்ட்டிக்கு முட்டி ஆபரேஷன் ஆகியிருக்கு, கீழ உக்காந்தா எழுந்திருக்க முடியாது. புக் பண்ணும்போதே சொன்னேன், அவங்களுக்குன்னு நாற்காலி போட்டு வச்சிருந்தாங்க. அதப் புடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கினாங்க, மெதுவா எழுந்தாங்க, ஒரு வார்த்த கொற சொல்லல. இப்பல்லாம் கட்டில் போட்ட ஜப்பான் ரூம் நெறைய எடத்துல கெடைக்குது, முன்னாடியே சொன்னா அதையே போட்டுருவேன். ஆனா தெனம் ஜிம்முக்குப் போற முப்பத்தாறு வயசு நம்மாளுக்கு என்னய்யா முதுகு வலி?

வலி முதுகுல இல்ல, கௌரவத்துல. கட்டில்ல படுக்கறவன் மேல, தரையில படுக்கறவன் கீழன்னு மண்டையில ஏறி உக்காந்திருக்கு. இதே அங்கிள் தண்ணியடிக்காமலே, மொட்டமாடியில பத்தமடை பாய் போட்டுப் படுத்த கதைய மணிக்கணக்கா சொல்லுவாரு. கல்யாண மண்டபத்துல பவானி ஜமுக்காளத்துல, யார் கால் யார் தலைக்கிட்டன்னு தெரியாம உருண்டவங்கதான நாம எல்லாரும்? அப்ப எங்க போச்சு இந்த இடுப்பு வலி? இஎம்ஐல ஒரு கட்டில் வாங்கிட்டா பாய் தீட்டாயிடுமா?

அதுவும் ரூம்ல தரை முழுக்கப் போட்டிருக்கற டாட்டாமி பாய்னா வெறுந்தரைன்னு நெனைக்கறாங்க பாருங்க. நம்ம கோரை மாதிரி இகுசான்னு ஒரு புல்லு, அத நெருக்கிப் பின்னி, உள்ள வைக்கோல அமுக்கித் தச்சது, ரெண்டு அங்குலம் கனம் இருக்கும், கால வச்சாலே மெத்துனு இருக்கும். (இப்ப வைக்கோலுக்கு பதிலா ஃபோம், பலகை எல்லாம் வந்துருச்சு, அது வேற வயித்தெரிச்சல்.) அதுக்கு மேல மெத்தை. காலையில சுருட்டி அலமாரியில வச்சா அதே ரூம்ல உக்காந்து டீ குடிக்கலாம், விரிச்சே போட்டா ஈரம் கோத்து பூஞ்சை புடிக்கும். பாயச் சுருட்டி மூலையில சாத்தற அதே சமாச்சாரம். அங்க போய் கட்டில் கேக்கறது தோசக்கல்லுல இட்லி கேக்கற மாதிரி.

படுக்க மட்டும்தான் அது கேவலமான தரை. சூட்கேஸ் சக்கரத்த அந்தப் புல்லு மேல கரகரன்னு இழுத்துட்டுப் போவான், ஸ்லிப்பரோட ஏறி நடப்பான், பூவும் படமும் வைக்கற மேடை இருக்குல்ல, டோகோனோமா, நம்ம பூஜை மாடம் கணக்கா மரியாதையான எடம், அதுல தூக்கி பேக்கப் பேக்கா அடுக்குவான். நான் ஓடி ஓடி எடுத்து வைப்பேன். ஊருக்குப் போய் ரிவ்யூ போட்டிருக்கான்யா, "லொக்கேஷன் சூப்பர், கட்டில் இல்லை, ரெண்டு ஸ்டார்." அந்தப் பையன் அடுக்கின மூணு மெத்தைக்கு, மெத்தைக்கு ஒரு ஸ்டார்னு வச்சாகூட மூணு வரணுமேடா.

நவம்பர்ல எலை செவக்கறதப் பாக்க அடுத்த குரூப்பு. நேத்தே மெசேஜ் வந்துருச்சு, "யுகாட்டா போட்டு போட்டோ எடுக்கணும், டாட்டாமி வேணும், ஆனா கட்டிலும் வேணும், பட்ஜெட்டுக்குள்ள பாரு." ஸ்டேஷன் பக்கத்துல பிசினஸ் ஹோட்டல் போட்டுட்டேன். ராத்திரி போட்டுக்க அங்கயும் யுகாட்டா மாதிரி ஒண்ணு குடுப்பாங்க, லிஃப்ட் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கட்டும்.