வீடியோ காலில் டாக்டரைப் பார்த்தால் பணம் வருமா?

தண்டையார்பேட்டை, ராயபுரம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 70 வயதானவர்கள் வீடியோ காலில் டாக்டரிடம் பேசினால், ஆயுஷ்மான் கார்டு மூலம் கட்டணம் திரும்ப வருமாம். கூடவே ஆதார் எண் கேட்கும் ஒரு லிங்க்.

தவறு. ஆயுஷ்மான் என்பது மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு. 2024 அக்டோபரில் 70 வயது நிரம்பியவர்களுக்கும் விரிவாக்கப்பட்ட அந்தத் திட்டம், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். வெளிநோயாளி ஆலோசனைக்கு இல்லை. சந்தேகமா? திட்டத்தின் உதவி எண் 14555-ல் கேளுங்கள்.

தனியார் மருத்துவக் காப்பீட்டு பாலிசி வேறு கதை. டாக்டர் ஆலோசனைக் கட்டணத்தை பாலிசி ஏற்றால், வீடியோ ஆலோசனையையும் ஏற்க வேண்டும் என்று 2020-லேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. பாலிசி பத்திரத்தில் 'ஓபிடி' (வெளிநோயாளி சிகிச்சை) இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, செலவே வேண்டாமென்றால் அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது. வீடியோ ஆலோசனை இலவசம்.

அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். அத்தை, மாமா குழுவுக்கும் அனுப்பாதீர்கள்.