இசைப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் யார்?

தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கும் ஆளுநர்தான் வேந்தர் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். அது சரியல்ல. இந்தப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் முதலமைச்சர். சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

குழப்பம் வருவதில் வியப்பில்லை. சென்னை, மதுரை காமராசர், பாரதியார் என்று நமக்குப் பழக்கமான மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் ஆளுநர்தானே வேந்தர்! ஆனால் இது தனியாக 2013-இல் இயற்றிய சட்டத்தின்படி உருவானது. திருவையாறு, மதுரை, கோவை அரசு இசைக் கல்லூரிகள், கும்பகோணம் கவின்கலைக் கல்லூரி, மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி எல்லாம் இதன் கீழ்தான் வருகின்றன.

சரிபார்ப்பது எளிது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை இணையத்தில் தேடி எடுத்து, 'வேந்தர்' பற்றிய பிரிவை மட்டும் படியுங்கள். சட்ட மொழி அலுப்பாக இருந்தால், 2023 நவம்பரில் நடந்த பட்டமளிப்பு விழாச் செய்திகளைப் பாருங்கள். பி. சுசீலாவுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்த விழா அது. வேந்தர் என்ற முறையில் பட்டத்தை வழங்கியவர் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின்.

முதலமைச்சர் வேந்தராக இருப்பது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம், அதை இங்கே இழுக்கவில்லை.