மானிட்டரைப் பார்க்காம 5090 கேக்காதீங்கப்பா

"ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா?" வண்ணாரப்பேட்டையில ஆரம்பிச்சு காசிமேடு வரைக்கும் இதே கேள்வி. முதல்ல உன் மானிட்டர் என்னன்னு சொல்லுப்பா. 1080பி ரெசல்யூஷன், 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 ஃபிரேம் (படம்)! விநாடிக்கு 200 ஃபிரேம் வந்தாலும் அந்தத் திரை காட்டுறது 60தான். மீதியை யார் பாக்கறது? அந்த ரெசல்யூஷன்ல கார்டு சும்மா உக்காந்திருக்கும், பழைய சிபியூதான் மூச்சு வாங்கும்.

சரி, பவர் சப்ளை? 550 வாட். கார்டு மட்டுமே 575 வாட் இழுக்கும். 1000 வாட் பவர் சப்ளை வேணும்னு கார்டைக் கொண்டுவந்த என்விடியாவே சொல்லுது. யூபிஎஸ் 600 விஏ, அதாவது சுமாரா 360 வாட். லோடுல இருக்கும்போது கரண்ட் போனா அந்த நொடியே எல்லாம் அணையும்.

கேபினட்டையாவது அளந்தீங்களா? 33, 35 சென்டிமீட்டர் நீளத்துல கார்டு வருது. பக்கக் கண்ணாடி இடிக்குதுன்னு கேபிளை மடக்கித் திணிக்கறாங்க. கார்டுக்குக் கரண்ட் கொடுக்கற 16 பின் கனெக்டர் முழுசா உக்காரலைன்னா சில பின்கள்ல மட்டும் கரண்ட் ஏறி பிளாஸ்டிக் உருகும். கிளிப் பூட்டுற வரைக்கும் அழுத்து, கேபிளை மூணு நாலு சென்டிமீட்டர் நேரா விட்டு அப்புறம் வளைன்னு எத்தனை தடவை சொல்றது?

மே மாசம், ராயபுரத்துல பத்துக்குப் பத்து ரூம், ஏசி கிடையாது. கார்டு இழுக்கற 575 வாட்டும் வெப்பமா அந்த ரூமுக்குள்ளதான் இறங்கும். ஃபேன் கத்தும், கிளாக், அதாவது கார்டோட வேகம், இறங்கும்.

4கே 144 ஹெர்ட்ஸ் திரை இருக்கா? பிளெண்டர் மாதிரி 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டரிங் தினசரி வேலையா? 32 ஜிபி விராம் (கார்டோட சொந்த மெமரி) கேக்கற ஏஐ மாடல் ஓட்டறியா? தாராளமா வாங்கு. வேலோரன்ட் மாதிரி லேசான கேம் ஆட எதுக்குப்பா இது?