லாக்கே பார்க்காமல் மேப் எழுதும் மகான்கள்

800 வெள்ளி. "உன் வண்டிக்குன்னே தனியா உட்கார்ந்து எழுதினது தம்பி, வேற எந்த வண்டிக்கும் இது செட் ஆகாது" என்று சொல்லி என்னிடம் வாங்கிக்கொண்ட 800 வெள்ளி. எழுதினது என்றால் மேப், அதாவது எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று எஞ்சினுக்குச் சொல்கிற ஈசியு என்ற கணினிக்குள் இருக்கும் அட்டவணைக் கோப்பு. எந்தக் கடை, யார் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை, அந்தச் சண்டையை நான் நேரில் போட்டுக்கொள்கிறேன். ஆனால் டர்போ கார் வைத்திருக்கிறவன் தலையில் எப்படி மிளகாய் அரைக்கிறார்கள் என்பதைக் கொட்டித் தீர்க்காமல் எனக்கு இன்றைக்குத் தூக்கம் வராது.

என்னிடம் இருப்பது 2007ஆம் வருடத்து சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், இரண்டரை லிட்டர் டர்போ, சிங்கப்பூரில் சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டுகிற வண்டி. புதுப்பித்ததோடு, வண்டியைக் கைவிடும்போது கிடைக்கிற பார்ஃப் தள்ளுபடி போயே போச்சு, சாலை வரியும் வயது ஏற ஏறக் கூடி இப்போது 50 விழுக்காடு அதிகமாகக் கட்டுகிறேன், சோதனைக்கும் வருடா வருடம் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இங்கே ஒருத்தன் எஞ்சினை இழந்தால் "சரி, வேற ஒண்ணு பார்த்துக்கலாம்" என்று போய்விட முடியாது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனது. அது வெறும் உரிமைச் சான்றிதழின் விலை, அதில் ஒரு டயர்கூடச் சேர்த்தி இல்லை. இப்படிப்பட்ட ஊரில், அடுத்தவன் எஞ்சினின் மூளைக்குள் கை விடுகிற ஆளுக்குக் கொஞ்சமாவது பயம் இருக்க வேண்டாமா?

பழைய சுபாருவை வீட்டிலேயே ட்யூன் செய்வது, அதாவது மேப்பை மாற்றி எழுதுவது, ஒன்றும் ராக்கெட் விடுகிற வேலை இல்லை. லேப்டாப்பை வண்டியோடு இணைக்கிற டாக்ட்ரிக்ஸ் கேபிள் ஒன்று, ஈசியுஃப்ளாஷ், ரோம்ரெய்டர் என்று இலவச மென்பொருள் இரண்டு, பழைய லேப்டாப் ஒன்று, அப்புறம் நிறையப் பொறுமை. (மலிவாகக் கிடைக்கிறதே என்று நகல் கேபிள் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பாதி எழுதும்போது தொடர்பு அறுந்தால் ஈசியு செத்துப்போய் வெறும் செங்கல்தான்.) டேஷ்போர்டுக்குக் கீழே சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் இரண்டு பச்சை கனெக்டர்களை ஒன்றோடொன்று மாட்டி, சாவியைத் திருப்பினால் வண்டி டெஸ்ட் மோடுக்குள் போகும், அப்போதுதான் மேப்பை ஏற்ற முடியும். உடனே ரேடியேட்டர் விசிறி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும், பின்னால் ஃப்யூயல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும், எஞ்சின் விளக்கு மினுக்கும். வீவக (அரசுக் குடியிருப்பு) பலமாடி கார் நிறுத்துமிடத்தின் நான்காம் தளத்தில் இரவு நேரத்தில் இந்தக் கச்சேரி நடந்தால் என்ன ஆகும்? நாயோடு நடக்க வந்த அங்கிள் நின்று பார்ப்பார். "பிரேக்டவுனா?" என்பார். இல்லை என்றால் இன்னும் சந்தேகமாகப் பார்ப்பார். விசிறி பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும், சார்ஜர் போடலாம் என்றால் பிளக் பாயின்ட் இருக்காது, வோல்டேஜ் எங்கே விழுந்துவிடுமோ என்று ஜம்ப் ஸ்டார்ட்டரைப் பிடித்துக்கொண்டு கொசுக்கடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, பழகிவிட்டது.

பழகாத ஒன்று, லாக் எடுக்க இடமில்லாதது. லாக் என்றால் மந்திரம் எதுவும் இல்லை, வண்டி ஓடும்போது ஈசியு என்ன நினைக்கிறது என்பதை வரிவரியாகப் பதிவு செய்வது: ஆர்பிஎம், டர்போ அழுத்தம், இக்னிஷன் டைமிங் (பொறி விழுகிற நேரம்), நாக் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தப்பாக வெடிக்கிற தட்டல்) கேட்டு அந்த டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்கியது, எரிபொருள் திருத்தம் எவ்வளவு. முழு ஆக்ஸிலரேட்டரில் மூன்றாம் கியரில் கீழிருந்து மேல்வரை ஒரே இழுப்பாக இழுத்தால்தான் அந்த லாக் பேசும். இந்த வண்டி மூன்றாம் கியரில் சிவப்புக் கோட்டைத் தொடும்போது மணிக்கு 150 கிலோமீட்டர். நம் விரைவுச்சாலைகளில் உச்ச வரம்பே 90. லிம் சூ காங் சாலை நேராக இருக்கிறதே என்று சிலர் கண்ணடிப்பார்கள், அந்த யோசனையை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். சொந்தமாக ஒரு பந்தயத் திடல்கூட இல்லாத ஊர் நம்முடையது, சாங்கியில் வரப்போவதாகச் சொன்னதும் வராமலே போயிற்று. மலேசியாவின் செப்பாங் பந்தயத் திடலுக்குப் போகலாம் என்றால் 300 கிலோமீட்டருக்கு மேல். சோதனைச் சாவடியைத் தாண்ட முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 500 வெள்ளி வரை அபராதம், அங்கே போய்ச் சேர்ந்தால் வெளிநாட்டு வண்டிக்கு ரோன் 95 பெட்ரோல் கிடையாது, 97தான் போட வேண்டும். டாங்கில் நம் ஊர் 98 பாதி, அங்கத்து 97 பாதி. அந்தக் கலவையில் எடுத்த லாக்கை வைத்து, நாளைக்கு வெறும் 98இல் ஓடப்போகிற வண்டிக்கு டைமிங் எழுதுவது எப்படி?

அதனால்தான் டைனோ இருக்கிற இடமாகப் பார்த்துப் போனேன். உருளை மேல் நிறுத்தி இழுக்கலாம், போலீஸும் இல்லை, பொதுமக்களுக்கும் ஆபத்தில்லை, லாக் கையில் வரும். அவர்களும் டைனோவில் ஏற்றித்தான் எழுதுவோம் என்று சொன்னார்கள். போன அன்றைக்கு "டைனோ பிசி தம்பி, ரோட்லயே பார்த்துக்கலாம்" என்றார்கள். பக்கத்துக் கடையில் ஒரு கோப்பி ஓ குடித்து முடிப்பதற்குள் "ஆச்சு தம்பி, எடுத்துக்கோ, பறக்கும்". லாக் காட்டுங்கள் அண்ணே என்று கேட்டால், "அதெல்லாம் ட்ரேட் சீக்ரெட்." என்ன சீக்ரெட்? என் வண்டியின் நாடித்துடிப்பு எனக்கே சீக்ரெட்டா?

போவதற்கு முன்பே தொழிற்சாலை மேப்பை ஈசியுவிலிருந்து படித்தெடுத்துப் பத்திரமாக வைத்திருந்தேன். திரும்பி வந்ததும் அவர்கள் எழுதியதைப் படித்தெடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ரத்தம் கொதித்தது.

முதலில் பி0420. கேட்டலிடிக் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று ஈசியு எழுப்புகிற பிழைக் குறியீடு அது. கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் டவுன்பைப் (டர்போவுக்குப் பின்னால் வருகிற புகைக்குழாய்) போட்டவர்கள்தான் எஞ்சின் விளக்கு எரியாமல் இருக்க அதை அணைத்து வைப்பார்கள். என் வண்டியில் எக்ஸாஸ்ட் தொழிற்சாலையில் போட்டது போட்டபடி இருக்கிறது, கன்வர்ட்டரும் அதேதான். எனக்கு எதற்கு அதை அணைத்தார்கள்? அடுத்து மாஃப் சென்சார் அளவுகோல். உள்ளே போகிற காற்றை எடை போடுகிற சென்சார் அது. அகலமான இன்டேக் குழாய் மாட்டினால் அந்த அட்டவணையை மாற்றி எழுத வேண்டும். என்னிடம் இருப்பது கறுப்புப் பிளாஸ்டிக் ஏர்பாக்ஸ், கம்பெனி ஃபில்டர். ஆனால் அட்டவணையை மேலே தூக்கி எழுதியிருக்கிறார்கள், என்னிடம் இல்லாத குழாய்க்கு! அதாவது இது வேறு யாரோ ஒருத்தருடைய வண்டிக்கு, டவுன்பைப்பும் இன்டேக்கும் மாட்டிய வண்டிக்கு எழுதிய கோப்பு. தேக்காவில் ரெடிமேட் சட்டையை எடுத்துக் கொடுத்து, அளவெடுத்துத் தைத்தது என்று கூலி வாங்கின கதை.

விளைவு என்ன? ஈசியு, வராத காற்று வந்துவிட்டதாக நினைத்துப் பெட்ரோலைக் கொட்டியது. வண்டி நின்றால் பின்னால் பெட்ரோல் வாடை, என் மனைவி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு "இதுக்கா காசு கொடுத்த?" என்று கேட்கிற அளவுக்கு. 98 பெட்ரோல் லிட்டருக்கு மூன்று வெள்ளியைத் தாண்டி நிற்கிற காலத்தில்! சாதாரணமாக ஓட்டும்போது, கொட்டியதை ஈசியு தானே குறைக்கப் பார்த்து, எரிபொருள் திருத்தம் மைனஸ் பத்து விழுக்காட்டுப் பக்கம் போய் நின்றது. இந்த சுபாருக்களில் திருத்தத்தைக் காற்றோட்ட அளவுப்படி நான்கு பிரிவாகக் கற்று வைத்துக்கொள்ளும், அதில் கடைசிப் பிரிவு கற்றதை முழு ஆக்ஸிலரேட்டரிலும் பயன்படுத்தும். கீழே நடக்கிற தப்பு, அழுத்தம் ஏறுகிற இடத்துக்கும் போய்ச் சேருகிறது. லாக் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் கண்ணில் பட்டிருக்கும் விஷயம் இது.

சரி, பெட்ரோல் கொட்டினால் பாக்கெட்டுக்குத்தான் சேதம், அதைவிடக் கேடு டைமிங். அழுத்தம் ஏறுகிற பகுதி முழுக்க ஒரே மாதிரி மூன்று டிகிரி கூட்டி, பொறியை அந்த அளவு முன்னாடியே விழ வைத்திருக்கிறார்கள். சின்ன லோட், பெரிய லோட், எல்லாவற்றுக்கும் அதே மூன்று. யோசித்து எழுதினவன் இப்படிச் செய்வானா? கட்டங்களை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற வேஸ்ட்கேட் அட்டவணையிலும் அதே கைவரிசை.

இங்கேதான் நம் ஊர் வெயில் வருகிறது. இந்த வண்டியில் டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் எஞ்சின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. பானெட் துவாரம் வழியாகக் காற்று வந்தால்தான் குளிரும். மாலை ஆறு மணிக்குத் தீவு விரைவுச்சாலையில் ஊர்ந்தால் எங்கிருந்து காற்று வரும்? கீழே கொதிக்கிற எஞ்சின், வெளியே 31 டிகிரி, இன்டர்கூலர் இட்லிச் சட்டி மாதிரி... சரி, உவமை வேண்டாம், கை வைத்தால் சுடும், அவ்வளவுதான். இன்னொரு கொடுமை, காற்றின் வெப்பத்தை அளக்கிற சென்சார் இந்த வண்டியில் மாஃப் சென்சாருக்குள்ளேயே, ஃபில்டரைத் தாண்டியதும், டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. டர்போ அழுத்திச் சூடாக்கி, சூடேறிய இன்டர்கூலர் குளிர்விக்காமல் அனுப்புகிற காற்று சிலிண்டருக்குள் எவ்வளவு வெப்பத்தில் போகிறது என்பது ஈசியுவுக்குத் தெரியவே தெரியாது. குளிர் நாட்டில் ஒருத்தன் விடிகாலையில் எழுதின மேப்பில் இந்த மூன்று டிகிரி தாங்கும். இங்கே ஜாமிலிருந்து வெளியே வந்து லேன் மாற்ற ஆக்ஸிலரேட்டரை மிதித்த மறுகணம் நாக்.

நானே ஓட்டி லாக் எடுத்தேன், வரம்புக்குள்ளேயே, மூன்றாம் கியரில் அழுத்தம் ஏறுகிற பகுதியை மட்டும். சிவப்புக் கோடு வரைக்கும் போகவே தேவையில்லை. 3,000த்தைத் தாண்டியதும் நாக் திருத்தம் மைனஸுக்குப் போகிறது. ஐஏஎம் என்று ஓர் எண் இருக்கிறது, ஈசியு தன் டைமிங் மேல் வைத்திருக்கிற நம்பிக்கையின் அளவு. எல்லாம் நன்றாக இருந்தால் 1. என் வண்டியில் 0.7க்கும் கீழே. அதாவது அவர்கள் கூட்டின டைமிங்கை ஈசியு நம்பாமல் தானே வெட்டி வைத்திருக்கிறது. பெயருக்கு "கஸ்டம் ட்யூன்", உண்மையில் வண்டி முன்பைவிட மந்தம். "பறக்கும்" என்றாரே, அது இதுதான். அந்த நாக் சென்சாரும் இல்லாதிருந்தால் பிஸ்டன் வளையங்களுக்கு நடுவே இருக்கிற மெல்லிய விளிம்பு உடைந்து, நான் இந்நேரம் எஞ்சின் விலை விசாரித்துக்கொண்டிருப்பேன்.

இவ்வளவு நடந்ததை நண்பர்களிடம் சொன்னால் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "சரிடா, எத்தனை எச்பி வந்துச்சு?" ஒருத்தன் விடாமல் எல்லோரும். எச்பி எச்பி என்று கேட்டுக் கேட்டுத்தான் இந்தக் கடைகள் வளர்ந்திருக்கின்றன. லாக் கேட்கிற வாடிக்கையாளர் பத்தில் ஒருத்தர்கூட இல்லை, டைனோ காகிதத்தில் பெரிய எண் ஒன்று அச்சடித்துக் கொடுத்தால் அதைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். அந்தக் காகிதத்தை எத்தனை மணிக்கு, எவ்வளவு வெப்பத்தில், எந்தப் பெட்ரோலில் எடுத்தார்கள் என்று ஒருத்தரும் பார்ப்பதில்லை. இன்னொரு கூட்டம் இருக்கிறது: "இதெல்லாம் ஏன் நீயா செய்றே, தெரிஞ்சவங்ககிட்ட விடு" என்பவர்கள். விட்டுத்தானே பார்த்தேன்! தெரிந்தவர்கள் தெரிந்த லட்சணம்தான் மேலே எழுதியிருக்கிறது.

இப்போது பழைய மேப்பைத் திரும்ப ஏற்றியிருக்கிறேன். ஐஏஎம் மறுபடி 1க்கு வந்துவிட்டது, வாடையும் போய்விட்டது. இனி டைமிங்கை அரை டிகிரி அரை டிகிரியாக, ஒவ்வொரு முறையும் லாக் பார்த்து, மாலை நெரிசலில் ஓட்டிப் பார்த்து, நானே எழுதுவேன். மாதக்கணக்கில் ஆகட்டும், பரவாயில்லை.

ஆனால் அந்த 800 வெள்ளியை விடுவதாக இல்லை. இரண்டு கோப்புகளையும் லாக்குகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டதற்கு, "சாப்ட்வேருக்கு ரீஃபண்ட் கிடையாது தம்பி, வேணும்னா ஃப்ரீயா ரீட்யூன் பண்ணித் தர்றேன்" என்றார். மறுபடி எந்த வண்டியின் கோப்பையோ? வேண்டாம் சாமி. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5,000 வெள்ளிக்குள் இருக்கிற வாடிக்கையாளர் வழக்குக்குக் கட்டணம் பத்து வெள்ளிதான், வக்கீலும் தேவையில்லை. இந்த வாரம் போட்டுவிடுகிறேன். அதற்குள் ஓர் உதவி: "உன் வண்டிக்குன்னே எழுதினது" என்று சொல்லி யாராவது உங்கள் சுபாருவுக்கும் மேப் ஏற்றியிருந்தால், தயவுசெய்து அதைப் படித்தெடுத்து பி0420 அணைந்திருக்கிறதா, மாஃப் அட்டவணை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் வண்டியிலும் கம்பெனி எக்ஸாஸ்ட், கம்பெனி ஏர்பாக்ஸ் என்றால் எனக்கு எழுதுங்கள். உங்கள் கோப்பும் எனக்கு ஏற்றின கோப்பும் ஒன்றாக இருந்தால் என் வழக்கோடு அதையும் சேர்த்துக் கொடுக்கலாம், நீங்களும் உங்கள் பத்து வெள்ளியைக் கட்டிவிட்டு வாருங்கள்.