தொந்தரவு கொடுக்கத் தெரியாத வீடுகள்

போன ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். எழுபத்தாறு வயது, கனத்த உடம்பு. நானும் மனைவியும் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை. எதிர் வீட்டில் வாட்டசாட்டமாக ரெண்டு பையன்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். இடையில் பத்தடி வராண்டாதான். ஆனால் கதவைத் தட்டவில்லை. இந்நேரத்தில் போய் எப்படித் தொந்தரவு கொடுப்பது என்று 108-க்கு அடித்துவிட்டு, அப்பாவின் தலைக்கு ஒரு தலையணையை வைத்துவிட்டு, ஈரத் தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். அவருக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. "ஏம்ப்பா, கூப்பிட ஒரு ஆள்கூடவா இல்ல?" என்றார்.

எலும்பு முறியவில்லை. சுளுக்கும் வீக்கமும்தான், மூணு வாரத்தில் நடந்துவிட்டார். அவர் கேட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு வளவில். ஏழு குடித்தனம், ஒரு கிணறு, ஒரு குழாய், ரெண்டே கக்கூஸ். எனக்கு எட்டு வயது இருக்கும்போது அப்பா வேலை பார்த்த மில்லில் கதவடைப்பு. நாலு மாதம் சம்பளம் இல்லை. அந்த நாலு மாதத்தில் எங்கள் வீட்டில் யாரும் பட்டினி கிடந்ததாக ஞாபகம் இல்லை. உதவி என்ற சொல்லை யாராவது சொன்னதாகவும் ஞாபகம் இல்லை. மூணாவது வீட்டு அத்தை (ரத்த உறவெல்லாம் கிடையாது, வளவு அத்தை) ஒரு தூக்குவாளியோடு வந்து நிற்பார். "மாவு கூட ஆட்டிட்டேன்டி, நாளைக்குப் புளிச்சுப் போயிரும், நீ ஊத்திக்க" என்பார். வாரத்துக்கு ரெண்டு தடவை ஒரு பொம்பளைக்கு மாவு அளவு தவறுமா? அது பொய் என்று அம்மாவுக்குத் தெரியும். தெரியும் என்பது அத்தைக்கும் தெரியும். அம்மா வாளியைக் கழுவி, ஒரு பிடி கறிவேப்பிலையாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது.

ஒரு குடும்பம் அடி வாங்கி எழுந்து நிற்பதற்கு மன உறுதி, பாசிட்டிவ் எண்ணம் என்று எல்லாம் சொல்கிறார்கள். எங்கள் அம்மாவிடம் அதெல்லாம் இருந்ததா தெரியாது. தூக்குவாளியை வாங்கிக்கொள்ளக் கூச்சப்படாத குணம் இருந்தது.

உடனே "அந்தக் காலம் பொற்காலம்" என்று கமெண்டில் வந்துவிடாதீர்கள். அந்த வளவில் வாடகைக்கு வருகிறவனிடம் என்ன ஆளுக என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்காரர் சாவியை எடுப்பார். கடைசி வீட்டு அக்காவை அவள் புருஷன் போட்டு அடிக்கும் சத்தம் ஏழு வீட்டுக்கும் கேட்கும். மறுநாள் காலையில் குழாயடியில் எல்லாரும் சேர்ந்து அவளுக்குத்தான் புத்தி சொன்னார்கள், அனுசரித்துப் போ என்று. ஒருநாள் அவள் தாய்வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவே இல்லை. எனக்கு அப்போது புரியவில்லை. தாங்கிப் பிடிக்கிற அதே கைதான் அமுக்கியும் பிடிக்கும் என்பது பிறகு கல்யாணமாகி, தங்கைக்கு ஒரு பிரச்சினை வந்தபோதுதான் உறைத்தது.

உசிலம்பட்டிப் பக்கம் செய்முறை நோட்டு, அதாவது மொய் நோட்டு, பார்த்திருப்பீர்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று எந்த விசேஷமானாலும் வாசலில் ஒரு மேசை, ஒருவர் எழுத, ஒருவர் எண்ண. பேரும் ஊரும் தொகையும் வரிசையாக. வட்டிக்கு விடுவது போலத்தானே இது என்று நானும் கிண்டலடித்தவன்தான். கடன் வாங்கிச் செய்முறை செய்து நொந்துபோன குடும்பங்களும் எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வாங்கியதை அப்படியே திருப்பிச் செய்ய மாட்டார்கள், கொஞ்சம் கூட்டித்தான் செய்வார்கள். சரிக்குச் சரி செய்தால் கணக்குத் தீர்ந்தது, உறவும் தீர்ந்தது என்று அர்த்தம். தீராமல் வைத்துக்கொள்வதற்காகத்தான் அந்த நோட்டு.

சாதி, சொந்தம் என்ற வட்டத்தைத் தாண்டியும் இப்படி ஒன்றைக் கட்ட முடியும் என்பதற்கு நாம் தூரமாகப் போக வேண்டாம். அழகர்கோவில் பக்கத்துப் பில்லுசேரி சின்னப்பிள்ளை அம்மா போதும். வயல் வேலைக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனவர். அந்தப் பெண்களோடு சேர்ந்து களஞ்சியம் குழுவில் சிறுகச் சிறுகச் சேமித்து, கந்துவட்டிக்காரனிடம் போகாமல் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொண்டார்கள். 2001-ல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கிய படத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. நமக்கு அந்தப் படம்தான் ஞாபகம் இருக்கிறது. எனக்கென்னவோ அந்தக் குழுக் கூட்டம்தான் பெரிதாகத் தெரிகிறது. பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, என் மகனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், எனக்கு இவ்வளவு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கிறார்கள். மற்றவர்கள் பேசி முடிவு செய்கிறார்கள். கேட்பதற்கு ஒரு இடம், ஒரு நாள், ஒரு முறை. கேட்டவளுக்குக் குனிவு இல்லை, அடுத்த மாதம் கொடுப்பவள் கேட்பாள்.

எங்கள் அபார்ட்மெண்டில் 24 வீடு. வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. மோட்டார் போடவில்லை, என் இடத்தில் யார் வண்டியை விட்டது, காலையில் ரோஜாப்பூ. உலகத்தில் ஆறில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று 2025-ல் உலக சுகாதார நிறுவனம் அறிக்கை விட்டதைப் படித்தபோது என் கணக்கு எங்கள் மாடிகளுக்குத்தான் ஓடியது. ரெண்டாவது மாடியில் மகன் சிங்கப்பூரில் இருக்கும் அந்த டீச்சரம்மா. அப்புறம் கைக்குழந்தையோடு பகல் முழுக்கத் தனியாக இருக்கும் மேல்வீட்டுப் பெண். எங்கள் அப்பா.

பிறருக்குத் தொந்தரவு கொடுக்காமல் வாழ்வதை நாம் பெரிய பண்பாக வைத்திருக்கிறோம். எனக்கு இப்போது அதில் நம்பிக்கை போய்விட்டது. அது பாதி கூச்சம், பாதி கௌரவம். நான் யாரையும் கேட்க மாட்டேன் என்பதற்குள், என்னையும் யாரும் கேட்டு வராதீர்கள் என்பதும் சேர்ந்தே இருக்கிறது.

அப்பா வீடு திரும்பிய மறுவாரம் எதிர் வீட்டு அக்காவிடம் பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகமே மாறிவிட்டது. "ரெண்டு தடிமாடுகளை வளர்த்து வச்சிருக்கேன், ஒரு தட்டு தட்டியிருக்கலாம்ல? எங்கள என்னன்னு நெனச்சீங்க?" என்றார். கோபம் நிஜமான கோபம். பதில் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் எங்கள் வீட்டு மாற்றுச் சாவியை அவரிடம் கொடுத்து வைத்தேன். ரெண்டு நாள் கழித்து அவர் வீட்டுச் சாவி எங்கள் ஆணியில் தொங்கியது.

நேற்று ராத்திரி பதினொரு மணிக்குக் காலிங் பெல். சின்னப் பையன் நின்றான். "அங்கிள், தைலம் இருக்கா? அம்மாவுக்குத் தலைவலி." நான் தேடுவதற்குள் உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார், "எங்கிட்ட இருக்குய்யா, இரு." சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து, அவரே அவன் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, காய்ச்சலும் இருக்கா, சாப்பிட்டாளா என்று அவனை அஞ்சு நிமிடம் வாசலிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டார்.