நட்சத்திரம் இல்லாத கேள்வி

நம் மீனவர்களை இலங்கை கைது செய்வது பற்றி நாடாளுமன்றத்தில் வந்த கேள்விக்கு வெளியுறவு அமைச்சர் அவையில் வாய் திறக்காமல் காகிதத்தில் நழுவிவிட்டார் என்று ஒரு கட்டுரை கோபப்படுகிறது. கோபம் சரி, காரணம்தான் சரியில்லை. அது நட்சத்திரக் குறி இல்லாத கேள்வி; அப்படிப்பட்ட கேள்விக்கு எழுத்தில்தான் பதில் வரும். அமைச்சர் எழுந்து நிற்க வேண்டியதே இல்லை. அமைச்சர் அவையிலேயே வாய் திறந்து பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விகள் மக்களவையில் ஒரு நாளைக்கு 20தான், அதுவும் குலுக்கலில். அந்த இருபதிலும் முதல் சில கேள்விகளுக்குள் மணி பன்னிரண்டு ஆகி, கேள்வி நேரம் முடிந்துவிடும். துணைக் கேள்வி கேட்டு மடக்குவதெல்லாம் அந்தச் சிலருக்குக் கிடைக்கும் வாய்ப்பு.

எழுத்துப் பதில்களை அமைச்சக இணையதளத்தில் நானே வரிசையாகப் படித்துப் பார்த்தேன். எத்தனை பேர் கைது என்று கேட்டால் எண் வருகிறது. என்ன செய்தீர்கள் என்றால் மட்டும், இலங்கையிடம் உயர்மட்டத்தில் எடுத்துச் சொல்கிறோம், 2016இல் இரு நாடும் அமைத்த கூட்டுப் பணிக்குழு இருக்கிறது என்று அதே பல்லவி. இலங்கை பிடித்துவைத்து, அங்கே மயிலிட்டித் துறைமுகத்தில் கிடந்து மட்கும் நம் படகுகளை எப்போது மீட்பீர்கள் என்று தேதி போட்டுக் கேட்கட்டுமே நம் எம்பிக்கள்! பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். அப்புறம் அமைச்சரை மட்டும் திட்டி என்ன பயன்?