ஞானஸ்நானம் வாங்கினவரை வாசலில் நிறுத்தாதீர்கள்

போன ஞாயிறு நடந்தது நம் கோயில் பங்குக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். முப்பத்தாறு வயது மனுஷன், "எனக்கும் புதுநன்மை வேணும்" என்று, அதாவது நற்கருணை அப்பத்தை முதன்முதலாக வாங்க வேண்டும் என்று, கேட்டு வந்தார். நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காரவைத்து, "விசுவசிக்கிறேன்" என்று சொல்லும் செபமான விசுவாசப் பிரமாணத்தை ஒப்பிக்கச் சொன்னோம். பாதியில் தடுமாறினார். பின்னால் சிரிப்புச் சத்தம். எழுந்து போய்விட்டார்.

அவர் ஞானஸ்நானம் வாங்கினவர். புதிதாகச் சேர வந்தவர் இல்லை. 1972-ல் ரோம் வெளியிட்ட வயதுவந்தோர் புகுமுகச் சடங்கு நூலில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. குழந்தையில் பெற்ற ஞானஸ்நானத்தால் இவர்கள் ஏற்கெனவே திருச்சபையின் உறுப்பினர்கள், கடவுளின் பிள்ளைகள் என்கிறது அது. 1983 திருச்சபைச் சட்டம் 912-ம் அதையேதான் சொல்கிறது: சட்டம் தடுக்காத, ஞானஸ்நானம் பெற்ற எவரையும் நற்கருணைக்கு அனுமதிக்கலாம், அனுமதிக்கவும் வேண்டும்.

"அப்போ தயாரிப்பே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். நன்றாகவே வேண்டும். ஆனால் முப்பது வருச வாழ்க்கையைச் சுமந்து வருகிறவரின் முதல் பாவசங்கீர்த்தனமும், அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பதும், ஒன்பது வயசுப் பிள்ளையின் பாவசங்கீர்த்தனமும் ஒன்றா? அவருக்குக் கடன் இருக்கும், அண்ணன் தம்பி பகை இருக்கும், ஞானஸ்நானத்துக்குப் பிறகு பெறும் உறுதிபூசுதல் என்ற அருட்சாதனமும் பாக்கி இருக்கும். அதையெல்லாம் பிள்ளைகள் நடுவில் வைத்தா பேசுவார்?

"இத்தனை வருசம் எங்கே போனார்?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் அப்பா ஒன்பது வயசில் உப்பளத்துக்குப் போனவர். பூசையில் நன்மை கொடுக்கும் நேரம் வந்தால் "சைக்கிளைப் பாத்துட்டு வாறேன்" என்று வெளியே போய்விடுவார். சைக்கிள் திருட்டுக்குப் பயப்படுகிறார் என்றே சின்ன வயசில் நினைத்திருந்தேன். மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கும் ஒரு பழைய உபதேசியார் அதைக் கவனித்து, யாரிடமும் சொல்லாமல் சாயங்காலம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. உயிர்த்த இயேசு கூடவே நடந்தும் அவரை அடையாளம் தெரியாமல் எம்மாவுஸ் ஊருக்குப் போன சீடர்களின் கதையைத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். அப்பத்தைப் பிட்டபோது அவர்கள் ஆண்டவரைக் கண்டுகொண்டார்கள் என்ற இடத்தில், அப்பா திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நாற்பத்தொரு வயசில் நன்மை வாங்கினார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

"எல்லாருக்கும் ஒரே விதிதானே" என்கிறீர்கள். அந்த விதியை எழுதினது யார்? 1910-ல் பாப்பரசர் புனித பத்தாம் பத்திநாதர் ஏழு வயசுப் பிள்ளைகளையே நன்மைக்கு விடச் சொன்னார். முழு மறைக்கல்வியும் கேட்கவில்லை. இது சாதாரண அப்பம் இல்லை என்று பிள்ளைக்குத் தன் அறிவுக்கு எட்டியவரை தெரிய வேண்டும் என்றார். அந்த மனுஷனுக்கு அது தெரியாமலா இத்தனை பேர் முன்னால் வந்து நின்றார்?

அன்றைக்கு எழுந்து போன அண்ணே, இதை யாராவது உங்களிடம் காட்டினால், எங்கள் வீட்டுக்கு வாங்க. ஏழு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன். அதே திண்ணை இன்னும் இருக்கிறது.